எரக்தஸ் டிவில துறைமுக சேர்மன் விசாரணை – பார்க்கலாமா? என் ரிவ்யூ

அயர்லாந்து பார்லிமென்ட்டுக்குப் பேரு எரக்தஸ், அவங்க நடத்துற எரக்தஸ் டிவியும் வெப்சைட்டும் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பார்த்ததில்ல, அதான் எழுதுறேன். அதுலயும் நான் சொல்ல வர்றது ஒரே ஒரு வகை செஷன் பத்தி. அரசு துறைமுக கம்பெனிக்கு சேர்மனா போடப்போற ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சு எம்பிக்கள் கேள்வி கேப்பாங்கல்ல, அது. காசு கிடையாது, லைவ்லயே பார்க்கலாம், அப்புறம் பேசினது முழுக்க எழுத்துல, அதாவது டிரான்ஸ்கிரிப்ட்டா, சைட்ல ஏறிடும்.

1996 ஹார்பர்ஸ் ஆக்ட்டுக்கு அப்புறம் டப்ளின், கார்க், ஷானன் ஃபாய்ன்ஸ் மாதிரி துறைமுகம் எல்லாம் தனித்தனி கம்பெனி ஆச்சு, ஷேர் அரசுகிட்ட. யாரை சேர்மனா போடுறதுங்கிறது மினிஸ்டர் முடிவு. 2011ல அரசு எடுத்த முடிவுப்படி, பதவிக்கு வரப்போறவங்க முதல்ல பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி வந்து தன் பிளான் என்னன்னு சொல்லணும். தீவு நாடு, சரக்குல பெரும்பகுதி கப்பல்ல தான் வருது போகுது, அதனால இந்த நாற்காலில யார் உக்காருறாங்கங்கிறது சின்ன விஷயம் இல்லைங்க.

ஆரம்பம் கொஞ்சம் போர், கமிட்டி தலைவர் சட்டப் பாதுகாப்பு பத்தின நோட்டீஸ் படிப்பாரு, அப்புறம் வந்தவர் தன் ஸ்டேட்மெண்ட் படிப்பாரு, அதை ஓட்டிட்டு நேரா கேள்விக்கு வந்துடுங்க. முக்கியமா பணம் பத்தின கேள்வி. 2013ல வந்த நேஷனல் போர்ட்ஸ் பாலிசிப்படி துறைமுக கம்பெனிக்கு அரசு கஜானாலேர்ந்து காசு கிடையாது, தானே சம்பாதிச்சு தானே கடன் வாங்கி கட்டிக்கணும். ஆனா கடல்ல காத்தாலை வரணும், அதுக்குப் பெரிய இறங்குதுறை வேணும்னு அரசே சொல்லுது, அப்போ அந்தக் காசு யார் தர்றது, லாபத்துல அரசுக்குப் பங்கு (டிவிடென்ட்) கட்டணுமா இல்ல அந்தப் பணத்தை துறைமுகத்துலயே போடணுமா, இதைக் கேக்குற இடத்துல தான் ஆள் எப்படின்னு தெரியும். கால்வே துறைமுகம் விரிவாக்கத்துக்கு அப்ளிகேஷன் போட்டது 2014 ஜனவரி, அது வருஷக்கணக்கா இழுத்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சு வர்ற ஆளுக்கும் பயோடேட்டா மட்டும் படிக்கிற ஆளுக்கும் வித்தியாசம் பளிச்னு தெரியும்.

புதுசா வர்றவங்க "உள்ள போய் பார்த்துட்டு சொல்றேன்"ங்கிற பதிலோட தப்பிச்சுக்க முடியும், ரெண்டாவது டெர்முக்கு வர்ற சேர்மனால அது முடியாது, ஏற்கனவே அவர் பண்ணினதுக்கு கணக்கு சொல்லியாகணும். என்னைக் கேட்டா அந்த மாதிரி செஷனைத் தான் முதல்ல பாருங்கம்பேன்.

குறைன்னா பெரிய குறை ஒண்ணு இருக்கு. கமிட்டிக்கு வேணாம்னு சொல்ற அதிகாரம் கிடையாது. பேசி முடிச்சுட்டோம்னு மினிஸ்டருக்கு சொல்லி டிரான்ஸ்கிரிப்ட்டை அனுப்புவாங்க, அவ்ளோதான். வீட்டோ கூட வேணாம், இவர் இந்தக் கேள்விக்கு சரியா பதில் சொல்லலன்னு ஒரு பக்கம் எழுதி வெளியிட்டா போதும், மினிஸ்டர் அதுக்கு பதில் சொல்லியாகணும்ல. இன்னொண்ணு, உறுப்பினருங்க சிலர் தங்களுக்குக் கிடைச்ச நிமிஷத்தை எல்லாம் சொந்தத் தொகுதி ரோட்டுக்கும் பாலத்துக்கும் செலவழிச்சுடுறாங்க, அவங்க ஊர் மக்களுக்கு அது தேவை தான், ஆனா கம்பெனியோட கடன் பத்தி கேக்க ஆள் இல்லாம போயிடுது. அது எனக்கு நிஜமாவே வருத்தம்.

அப்படியும் அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், அந்த மூணரையும் டிரான்ஸ்கிரிப்ட்டுக்காக. சேர்மன் அன்னிக்கு என்ன வாக்கு குடுத்தார்னு நாலு வருஷம் கழிச்சும் யார் வேணா எடுத்துக் காட்டலாம். டைம் இல்லாதவங்க வீடியோவை விட்டுட்டு நேரா அதைப் படிங்க.