டோரண்ட், டெலிகிராம், மெமரி கார்டு: எதில் எவ்வளவு ஆபத்து?

"அண்ணே, டோரண்டுல படம் இறக்குனா போலீஸ் வருமா?" கும்பகோணத்தில் என் சர்வீஸ் கடைக்கு லேப்டாப் கொண்டுவரும் காலேஜ் பையன்களில் வாரம் ஒருத்தராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தம்பி, நீ வாங்க மட்டும் செய்கிறாயா, கொடுக்கவும் செய்கிறாயா?

டோரண்டில் இது இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும். 2001-ல் பிராம் கோஹன் உருவாக்கிய இந்த முறையில் ஃபைல் துண்டு துண்டாகப் பிரிந்து, வைத்திருக்கிற எல்லாரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வரும், வந்து சேர்ந்த துண்டை உங்கள் கம்ப்யூட்டர் அப்போதே அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடும். நம்ம ஊரில் நடவுக்கு மாத்தாள் போவதைப் போல, இன்றைக்கு உன் வயலுக்கு நான், நாளைக்கு என் வயலுக்கு நீ. முறையில் தப்பே இல்லை. ஆனால் ஃபைல் புதுப்படமாக இருந்தால் நீங்கள் பார்ப்பவர் மட்டுமில்லை, விநியோகிப்பவரும்கூட. அதோடு அந்த ஃபைலைப் பகிரும் எல்லாருக்கும் உங்கள் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்பின் எண், தெரியும். அது எந்த இணைப்பு என்று போலீஸ் இன்டர்நெட் கம்பெனியைக் கேட்டால் சொல்லிவிடும், வீட்டு ஃபைபர் பெரும்பாலும் அப்பா பெயரில்தானே இருக்கிறது.

1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். ஆனால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் இது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்கணும், அங்கே ஐபியை வைத்து வக்கீல் நோட்டீஸ் வீட்டுக்கே வரும், கேட்கிற தொகை பல நூறு யூரோ.

இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டால் போதுமே என்பார்கள். உங்கள் ஐபி மற்றவர்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான். சட்ட மீறல் மீறலாகவேதான் இருக்கும், ஃபைலில் வைரஸ் இருந்தால் அதையும் விபிஎன் தடுக்காது. வாடிக்கையாளர் விவரத்தை விபிஎன் நிறுவனங்கள் 5 வருஷம் வைத்திருக்கணும் என்று 2022-லேயே மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டிருக்கிறது.

டெலிகிராம் வேறு மாதிரி. சர்வரிலிருந்து இறங்குகிறது, நீங்களாக யாருக்கும் தானாக ஏற்றிவிடுவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் டோரண்டைவிடப் பரவாயில்லை. ஆனால் குடும்ப குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்த நிமிஷமே நீங்களும் விநியோகிப்பவர்தான். சேனல் நடத்துகிறவர் யாரென்று தெரியாது என்ற நம்பிக்கையும் வேண்டாம், கோச்சிங் பாடங்களைத் திருடிப் போட்ட வழக்கில் 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டு, டெலிகிராம் விவரத்தைக் கொடுத்தது.

மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிற செல் கடையில் ஆபத்து முக்கால்வாசி கடைக்காரர் தலையில்தான். தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வருவது, கடைக்காரர் பத்துக் கம்ப்யூட்டரில் செருகிய பென் டிரைவிலிருந்து உங்கள் கார்டுக்கு ஏறும் வைரஸ்.

என்னைக் கேட்டால், இந்த மூன்றையும்விட மோசம் கிராக் சாஃப்ட்வேர், அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த சாஃப்ட்வேர். போன தை மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற கடையின் கம்ப்யூட்டர் என்னிடம் வந்தது. டோரண்டில் எடுத்த டிசைன் சாஃப்ட்வேர், கிராக்கை ஓட்டுவதற்காக ஆன்டிவைரஸை அவரே நிறுத்தியிருந்தார். மறுநாள் காலையில் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத நாலு எழுத்து, ஒரு பத்திரிகைகூடத் திறக்கவில்லை, கூடவே பணம் கேட்டு ஒரு குறிப்பு. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர், அதில் ஸ்டாப் என்கிற குடும்பம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும். சில வகைக்குப் பூட்டைத் திறக்க இலவசச் சாவி உண்டு, இதற்குக் கிடைக்கவில்லை. பத்து வருஷ வேலை போச்சு, முகூர்த்தம் நெருங்கிவிட்டது, அந்த மனுஷர் என் கடை ஸ்டூலில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. சட்டத்திலும் இது தனிப் பிரிவு, 63பி: திருட்டு சாஃப்ட்வேரைத் தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் சிறை. வீட்டு உபயோகம் என்றால் அபராதத்தோடு விட இடமுண்டு, தொழில் நடத்தும் கடைக்கு அந்த வழியும் கிடையாது. டிசைனுக்கு இங்க்ஸ்கேப், போட்டோவுக்கு ஜிம்ப், ஆபிஸ் வேலைக்கு லிப்ரே ஆபிஸ் எல்லாம் காசில்லாமலே கிடைக்கும்போது எதற்கு இந்த வம்பு?

சரி, அப்போ டோரண்டே வேண்டாமா? வேண்டும். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸைத் தருகிறவர்களே அதிகாரபூர்வமாக டோரண்ட் கொடுக்கிறார்கள், இறக்கியதும் ஹாஷ் எண், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான எண், அவர்கள் தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிகிற மாதிரி வையுங்கள், படம் என்று வந்தது புரோகிராமைக் குறிக்கிற இ.எக்ஸ்.இ (.exe) என முடிந்தால் திறக்கவே கூடாது.

படிக்க வேண்டுமென்றால் பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற, 1998-லிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. நம்ம உத்தமதானபுரத்து உ.வே.சா. 1942-ல் காலமானார், எழுதியவர் இறந்து 60 வருஷம் என்ற கணக்கில் அவர் எழுத்து எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டது. ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்திலிருந்து 60 வருஷம். அதனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இருந்த காலத்திலேயே வெளிவந்த நாகஸ்வரத் தட்டில் தியாகராஜர் கீர்த்தனை இருந்தால், நம்ம நாட்டுச் சட்டப்படி அதை டோரண்டில் போட்டுக் கொடுக்கலாம். வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், காசு வாங்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன்.