கண்மாய் விராலுக்கு எந்த ராடு, எந்த ரீல், எந்தத் தவளை?

"அண்ணே, பாஸ் மீன் பிடிக்கிற செட்டுன்னு போட்டிருக்கான். நம்ம கண்மாய் விராலுக்கு அதை அப்படியே வாங்கலாமா?" என்று தேவகோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன வாரம் போனில் கேட்டான். பாதி வாங்கலாம், பாதி வேண்டாம் என்றேன். எந்தப் பாதி என்பதைப் போனில் சொல்லி முடிக்கவில்லை. அவனைப் போலப் புதிதாக லூர், அதாவது செயற்கை இரை போடுகிற தூண்டிலுக்கு வருகிறவர்களுக்கும் உதவும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

பாஸ் நம்மூர் மீன் இல்லை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் அதற்குச் சொந்த ஊர். 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுபோய் அஷி ஏரியில் விட்டார்கள். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். 2009இல் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்ததும் ஏறக்குறைய அதே எடைதான். நம் கண்மாயில் இரண்டு கிலோ விரால் ஏறினாலே கரையில் கூட்டம் கூடிவிடும். ஆனாலும் குணத்தில் இரண்டும் பங்காளிகள். செடிக்குள் பதுங்கிக் கிடந்து, மேலே போகிற இரையைப் பாய்ந்து அடிக்கும். அதனால்தான் பாஸுக்குச் செய்த சாமான் விராலுக்கும் ஒத்துவருகிறது.

ஒத்துவராதது தண்ணீர்தான். பாஸ் பிடிப்பவர்கள் படகில் போய் ஆழமான ஏரிகளிலும் அணைகளிலும் தேடுவார்கள். காரைக்குடி சுற்றுவட்டாரக் கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பி, மாசியில் நெஞ்சளவுக்கு இறங்கி, சித்திரையில் சேறாகிவிடும். செம்மண் கரைந்த கலங்கல் தண்ணீர், அதன் மேல் தாமரையும் அல்லியும், அடியில் பாசி, ஓரமெல்லாம் கருவேல முள். இங்கே சாமான் வாங்கும்போது மீனின் எடையை விடப் பாசியின் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சென்ற தை மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் எனக்கு ஒன்று ஏறியது. ரப்பர் தவளையை அடித்த கையோடு நேராகத் தாமரைத் தண்டுக்குள் இறங்கிவிட்டது. ராடு வில்லாக வளைந்து நின்றது, அசையவே இல்லை. தூண்டில் நரம்பைத் தளர்த்தாமல் பின்னாலேயே நடந்து இழுத்தேன். கரைக்கு வந்தது பெரிய பாசி உருண்டை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கிலோ கூட இல்லாத விரால். மீன் இழுத்ததை விட அந்தப் பாசி மூன்று மடங்கு இழுத்திருக்கும்.

அதனால் முதலில் நரம்பைப் பேசிவிடலாம். பலர் கடைசியாக வாங்குவதும், கஞ்சத்தனம் காட்டுவதும் இதில்தான். தங்கூசி, அதாவது சாதாரண நைலான் நரம்பு, மலிவு, முடிச்சு எளிது, கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு போட அது போதும். ஆனால் தங்கூசி நீளும். முப்பது அடி தள்ளி விரால் அடிக்கும்போது நீங்கள் வெட்டி இழுக்கிற வேகத்தை அந்த நீட்சியே தின்றுவிடும், தூண்டில் முள் தாடையில் ஏறாது. விராலின் தாடை கெட்டி எலும்பு. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, நீளாது. தாமரைத் தண்டில் பட்டால் தண்டைத்தான் அறுக்கும். 40 பவுண்டு பிரெய்டு போடுங்கள். ஒன்றரைக் கிலோ மீனுக்கு எதற்குப் பதினெட்டுக் கிலோ தாங்கும் நரம்பு என்றால், அந்தப் பாசி உருண்டைதான் பதில். தெளிந்த தண்ணீரில் நரம்பு மீன் கண்ணுக்குத் தெரியும் என்று முனையில் ஃபுளோரோகார்பன் என்கிற, தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பைக் கட்டுவார்கள். நம் செம்மண் தண்ணீருக்கு அது தேவையில்லை, பிரெய்டையே நேராகத் தவளையில் முடிச்சுப் போட்டுவிடலாம்.

அடுத்து ராடு. கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள். லூர் எடை கால் அவுன்ஸ் முதல் முக்கால் அவுன்ஸ் என்று இருந்தால், 7 கிராம் முதல் 21 கிராம் வரை அது வீசும். நம் தவளைகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்த எல்லையில் வருகிற ராடைப் பெரும்பாலும் மீடியம் ஹெவி என்பார்கள். மீடியம் பிடித்தால் வீசச் சுகமாக இருக்கும், ஆனால் பாசியிலிருந்து மீனைத் தூக்க முடியாது. ஹெவி தூக்கிவிடும், ஆனால் 8 கிராம் தவளையை வைத்து வீசினால் ராடு வளையாமல் தவளை காலடியிலேயே விழும். முதல் ராடு மீடியம் ஹெவியாகவே இருக்கட்டும், ஏழடி நீளம், நுனி மட்டும் வளைகிற ஃபாஸ்ட் வகை. ஆறடி ராடு கருவேலங்காட்டுக்குள் புகுந்து நிற்க வசதிதான். ஆனால் கண்மாய்க் கரை மேட்டிலிருந்து கீழே கிடக்கிற தாமரைக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்க அந்த ஓரடி நீளம் ரொம்பவே உதவுகிறது.

கார்பனா, கண்ணாடி இழையா? கார்பன் லேசு, காலையிலிருந்து வீசினாலும் தோள் வலிக்காது, ஆனால் பைக்கில் கொண்டுபோகும்போது கதவிலோ கிளையிலோ இடித்தால் முறியும். கண்ணாடி இழை கனம், முரட்டுத்தனம் தாங்கும். இரண்டும் கலந்து செய்தவை நடுவில் நிற்கும். சித்தப்பா மகனுக்குக் கலப்பு ராடைத்தான் சொன்னேன். மடக்கி நீட்டுகிற தொலைநோக்கி வகை வேண்டவே வேண்டாம். ஒன்று வாங்கி, இரண்டாவது வாரமே வளையங்கள் வரிசை திரும்பி, நுனி மூட்டு கழன்று தண்ணீரில் போய்விட்டது. இரண்டு துண்டு ராடு போதும், டவுன் பஸ்ஸிலும் ஏறும்.

ரீலில்தான் சண்டை அதிகம். பாஸ் வீடியோ பார்த்து வருகிற எல்லோரும் பெய்ட்காஸ்டரைத்தான் கேட்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ராடின் மேல் உட்காரும், கட்டைவிரலை உருளையில் வைத்தே வீச்சை நிறுத்தலாம், தாமரை இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் தவளையை இறக்கலாம். கனமான நரம்பு முறுக்கிக்கொள்ளாது. 7:1 ரீல் என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஏழு சுற்று, அடித்த மீனுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காது. ஆனால் அதன் உருளை வீசும்போது தானே சுழலும். நரம்பு வெளியே போகிற வேகத்தை விட உருளை வேகமாகச் சுழன்றால், எதிர்காற்றில் தவளை தயங்கினால், நரம்பு அவிழ்ந்து ஒரு குருவிக் கூடே கட்டிவிடும். காந்த பிரேக்கைத் திருகிக் குறைக்கலாம், ஆனாலும் கட்டைவிரலுக்குப் பழக வேண்டும். லேசான லூரை, அதாவது 7 கிராமுக்குக் குறைந்ததை, விலை குறைந்த பெய்ட்காஸ்டர் வீசவே வீசாது.

ஸ்பின்னிங் ரீலில் உருளை சுழலாது, நரம்பு அதன் விளிம்பிலிருந்து தானாக அவிழ்ந்து போகும். வாங்கிய அன்றே வீசலாம். 5 கிராம் ரப்பர் மீனும் போகும், 15 கிராம் தவளையும் போகும். குறி கொஞ்சம் தவறும், அவ்வளவுதான். 3000 அல்லது 4000 அளவு, 6.2:1 விகிதம் எடுங்கள். 5.2:1 என்றால் நரம்பின் தொய்வைச் சுற்றி எடுப்பதற்குள் மீன் தண்டுக்குள் போய்விடும். ஷிமானோவின் சியன்னா, எஃப்எக்ஸ் போன்ற தொடக்கநிலை ரீல்களே போதும். முதல் வருடம் ஸ்பின்னிங், கண்மாயும் கையும் பழகிய பிறகு பெய்ட்காஸ்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராடும் ரீலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெய்ட்காஸ்டர் ராடின் கைப்பிடியில் விரலை மாட்டிப் பிடிக்கிற கொக்கி இருக்கும், வளையங்கள் சிறியவை. அதில் ஸ்பின்னிங் ரீலை மாட்டினால் வீச்சு பாதியாகிவிடும்.

இனித் தவளை. இதற்காகத்தான் மீதி எல்லாமே. உள்ளீடற்ற ரப்பர் தவளையைக் கடையில் கையில் எடுத்து, கட்டைவிரலால் முதுகை அமுக்கிப் பாருங்கள். அமுங்கியதும் இரண்டு முள்ளும் வெளியே வர வேண்டும். விட்டதும் முதுகோடு ஒட்டிப் படுக்க வேண்டும், அப்போதுதான் பாசியில் மாட்டாமல் வழுக்கி வரும். ரப்பர் கெட்டியாக இருந்தால் விரால் கடிக்கும், முள் வெளிவராது, "அடிக்குது, ஏறலை" என்று அன்று முழுக்கப் புலம்புவீர்கள். முள் தடித்த கம்பியா என்றும் பாருங்கள். மெல்லிய முள் விரால் தாடையில் நிமிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் இடுக்கியால் இரண்டு முள்ளையும் இம்மி அளவு வெளிப்பக்கம் விரித்துவிடுவேன். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை தவளையைப் பிழிந்து உள்ளே போன தண்ணீரை வெளியேற்றுவதும் பழகிவிட்டது.

இன்னொன்று, வால் பக்கம் சின்னத் தகடு சுழலும் ஜம்ப் ஃபிராக். திறந்த தண்ணீரிலும் கலங்கலிலும் தகட்டின் சலசலப்பு மீனைத் தூரத்திலிருந்தே கூப்பிடும். அடர்ந்த பாசியில் தகடு சிக்கிச் செத்துப்போகும். மழை முடிந்த மார்கழி, தையில் தண்ணீர் பரந்திருக்கும்போது இதைக் கட்டுவேன். மாசிக்கு மேல் தாமரை அடர்ந்ததும் ரப்பர் தவளைக்கு மாறிவிடுவேன். நிறத்துக்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். கீழேயிருந்து வானத்தைப் பார்க்கிற மீனுக்குக் கறுப்புத் தவளை நன்றாகத் தெரியும், கலங்கலில் எனக்கு அதிகம் கொடுத்தது கறுப்புதான்.

பாஸ் செட்டோடு வருகிற கிராங்க்பெய்ட், பத்தடி ஆழம் இறங்குகிற மீன் பொம்மை, மூன்று முள் தொங்குகிற பாப்பர் எல்லாம் நம் கண்மாய்க்கு வீண். முதல் வீச்சிலேயே பாசி அள்ளி வரும். ரப்பர் மீனின் முதுகில் முள்ளைப் புதைத்துக் கட்டுகிற முறை மட்டும் உதவும், தவளையை அடித்துத் தவறவிட்ட விராலுக்கு உடனே அதைப் போட்டால் பல நேரம் எடுத்துக்கொள்ளும்.

விரால் மூச்சுக்கு மேலே வரும் மீன். சாயங்காலம் நாலரைக்கு மேல் கரையில் அசையாமல் நின்றால், இலை நடுவில் ஒரு வளையம் விரிவது தெரியும். அதன் மேலேயே போடக் கூடாது. நாலடி தள்ளிப் போட்டு அந்த வழியாக இழுத்து வர வேண்டும். 'பளார்' என்று அடித்ததும் கை துடிக்கும், ஆனால் நரம்பில் கனம் தெரியும்வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு வெட்டுங்கள்.

போகும் முன் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரைக் கேட்டுவிடுங்கள். குடிதண்ணீர் ஊரணியிலும் கோயில் குளத்திலும் தூண்டிலை எடுக்கவே கூடாது. மழை நாளில் செம்பழுப்பாக ஒரு கூட்டம் குஞ்சு மேலே கொதிக்கிற மாதிரி தெரிந்தால், அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். தவளை அங்கே விழுந்தால் பசி இல்லாமலேயே அடிக்கும், பிடிப்பது சுலபம். பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளைக் குறவையும் கொக்கும் ஒரு நாளில் முடித்துவிடும். அந்தப் பக்கம் நான் வீசுவதில்லை, யாரையும் வீச விடுவதும் இல்லை.

சித்தப்பா மகன் கடைசியில் ஏழடி கலப்பு ராடு, 3000 ஸ்பின்னிங் ரீல், 40 பவுண்டு பிரெய்டு, கறுப்பில் இரண்டு தவளை, தகடு வைத்தது ஒன்று வாங்கியிருக்கிறான். மொட்டை மாடியில் வாளி வைத்து அதற்குள் போட்டுப் பழகுகிறானாம். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.