குண்டான பிள்ளைக்குக் கை உடைந்தால் "ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்வதை ஏற்காதீர்கள்

பிள்ளைக்கு முன்கை எலும்பு உடைந்து மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களா? பிள்ளை கொஞ்சம் கனத்த உடம்பா? அப்படியென்றால் இதைப் படித்துவிட்டு, அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று உடனே கேளுங்கள்.

என் மகனுக்குப் பத்து வயது, 52 கிலோ. சைக்கிளிலிருந்து விழுந்ததில் இடது முன்கையின் இரண்டு எலும்பும் நடுவில் உடைந்துவிட்டன. ஊரில் பெயர் வாங்கிய ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து, எலும்பை நேராக்கி, முழங்கைக்கு மேல்வரை கட்டுப் போட்டார்கள். "சின்னப் புள்ள எலும்பு, தானா கூடிடும். ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதுதான் இருந்தது. இடையில் ஒரு எக்ஸ்ரேகூட எழுதவில்லை. கிளம்பும்போது மட்டும் எல்லார் எதிரிலும் "சாப்பாட்டக் குறைடா தம்பி" என்று அவனுக்கு அறிவுரை.

வீக்கம் வடிந்ததும் கட்டு தொளதொளத்துவிட்டது. மேல் விளிம்பில் என் நான்கு விரலும் தாராளமாக உள்ளே போயின. கட்டு கீழே சரிந்து, பெருவிரல் இடுக்கில் உரசித் தோல் சிவந்திருந்தது. போன் செய்தால், "லூசா இருந்தாத்தான் ரத்தம் ஓடும்மா" என்று ரிசப்ஷனிலேயே பதில் சொல்லி வைத்துவிட்டார்கள். நேரில் போனபோதும் டாக்டர் பார்க்கவில்லை. மேலே இன்னொரு சுற்று பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள்.

ஆறு வாரம் முடிந்து கட்டை வெட்டினால், கை வில்லாக வளைந்திருக்கிறது. டாக்டர் சொன்ன காரணம்: "வெயிட் ஜாஸ்திம்மா, அதான் எலும்பு நிக்கல."

வெயிட் என்ன, இடையில் ஏறியதா? அட்மிஷன் போடும்போது அவர்களே நிறுத்துப் பார்த்து எழுதியதுதானே!

கனமான பிள்ளைகளுக்குக் கட்டுக்குள் எலும்பு விலகும் வாய்ப்பு கூடுதல் என்பது எலும்பு மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். கட்டுக்கும் எலும்புக்கும் நடுவே சதை நிறைய இருப்பதால், வெளியே கொடுக்கும் பிடிமானம் உள்ளே எட்டுவதில்லை. அதனாலேயே கட்டை மூன்று இடத்தில் அழுத்தி, முன்கையின் வடிவத்துக்குத் தட்டையாக அமைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் வாராவாரம் எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அப்போது விலகல் தெரிந்தால் எலும்பு இறுகுவதற்குள் மறுபடி நேராக்கிவிடலாம்.

அடுத்துப் பார்த்த ஆர்த்தோ டாக்டர், பழைய எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்து காட்டினார். உடைந்த இடத்தில் கட்டின் உள் அகலத்தைப் பக்கவாட்டுப் படத்திலும் நேர்ப் படத்திலும் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டுமாம். சுமார் 0.8-க்குள் இருந்தால் நல்ல கட்டு. எங்களுடையதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. உருண்டையான குழாய்க்குள் பஞ்சைத் திணித்துக் கையை விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அறுவை செய்து, எலும்பைத் திரும்ப நேராக்கி, உள்ளே கம்பி வைத்தார்கள். இன்றும் அவனால் இடது உள்ளங்கையை முழுசாக மல்லாத்த முடியவில்லை. பிசியோதெரபி நடக்கிறது.

"பேசாம புத்தூர் கட்டுக்குப் போயிருக்கலாம்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்றால் கையே முடங்கிப்போகும். எங்கே கட்டினாலும் சரி, விரல் வெளுத்தாலோ, மரத்தாலோ, விரலை நீட்டும்போது வலி தாங்காமல் பிள்ளை அழுதாலோ, ராத்திரி என்றாலும் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

கட்டுப் போட்ட பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதைத் தரவே இழுத்தடித்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதியிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிய பிறகுதான் ஃபைல் கைக்கு வந்தது. அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுகிறோம். இதற்கு இரண்டு வருடம்தான் கெடு. இதே நிலையில் இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.