ஊராட்சியாகவே இருப்பதா, நாகர்கோவிலோடு சேர்வதா?

நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. அதிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னால் நிற்கும் கேள்வி இதுதான்: ஊராட்சியாகவே இருப்பதா, நகரத்தோடு சேர்வதா?

சேர்ந்தால் பாதாளச் சாக்கடை, குடிநீர், குப்பை அள்ளுவது போன்ற பெரிய வேலைகளுக்குப் பணமும் பொறியாளர்களும் கிடைக்க வழி உண்டு. மனை விலையும் ஏறும். விற்கிறவருக்குக் கொண்டாட்டம், வாங்குகிறவருக்குத் திண்டாட்டம்.

ஊராட்சியில் கிடைப்பது வேறு. தெருவிளக்கு எரியவில்லையா? காலையில் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றால் போதும், பெரும்பாலும் மாலைக்குள் ஆள் வந்துவிடும். தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னமும் கிடையாது. மாநகராட்சியிலோ நாம் ஓட்டுப் போடுவது வார்டு கவுன்சிலருக்கு மட்டும். அவர் 52 பேரில் ஒருவர், மேயரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள்தான். கிராம சபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். நகரத்தில் ஏரியா சபை என்று ஒன்று உண்டு, சரி, ஆனால் கிராம சபையின் காரம் அதில் இல்லை.

அப்புறம் ‘நூறு நாள் வேலை’ என்று ஊரில் சொல்லிப் பழகிய வேலைத் திட்டம். அது ஊரகத்துக்கான திட்டம்; ஊர் நகரமானால் அட்டை செல்லாது. குளத்தங்கரையில் மண்வெட்டியோடு நிற்கும் பாட்டிக்கு வீட்டு மனை விலை ஏறி என்ன லாபம்?

ஏற்கெனவே தெருவெல்லாம் கடைகளாகிவிட்ட, நகரத்தை ஒட்டிய ஊர்கள் சேரலாம். வயலும் தென்னந்தோப்பும் மிச்சமிருக்கும் ஊர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம் என்பதே என் கட்சி.