எச்சரிக்கை: கன் ஷோ மேஜையில் ஐயன் சைட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

டாலஸ் பக்கம் ரைபிள் வைத்திருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கன் ஷோ என்றால் துப்பாக்கிச் சந்தை. ஐயன் சைட் என்றால் பேட்டரி, கண்ணாடி எதுவும் இல்லாமல் குறி பார்க்க ரைபிளில் முன்னும் பின்னும் மாட்டுகிற ஜோடி. (ஹெச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்குக் கதை வேறு. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது விதிவிலக்கு இல்லாமல் ஃபெடரல் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. நண்பன் சொன்னான் என்று மாட்டிக்கொள்ளாதீர்கள்.)

நான் ஏமாந்தது 120 டாலர். பணம் போனால் போகட்டும். ஆனால் நாலு மாதமாக ‘பேக்கப் இருக்கு’ என்ற நினைப்பிலேயே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்னுடையது சாதாரண ஏஆர்-15. மேலே சிஆர்2032 பேட்டரியில் ஓடும் ஒரு ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறி பார்க்க வைக்கிற கருவி. பேட்டரி தீர்ந்தாலும், கண்ணாடியில் மழைத்தண்ணி அப்பினாலும் குறி பார்க்க ஒரு வழி வேண்டுமே என்று, மடக்கி வைக்கிற ஐயன் சைட் ஒரு ஜோடி தேடி கன் ஷோவுக்குப் போனேன். ஒரு மேஜையில், எல்லாருக்கும் தெரிந்த அமெரிக்க கம்பெனியின் பெயர் பொறித்த பிளாஸ்டிக் சைட் குவிந்து கிடந்தது. கடையில் இன்னும் கூடுதலாக விற்கிற ஜோடி, இங்கே 80 டாலர். பெட்டிதான் இல்லை, சரக்கு ஒரிஜினல் என்றார் மேஜைக்காரர். இன்னும் 40 கொடுத்தால் மாட்டி, ஜீரோவும் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்வது) பண்ணித் தருவாராம்.

காருக்குப் போய் ரைபிளை எடுத்து வந்தேன். வாசலில் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் டையால் கட்டி உள்ளே விட்டார்கள். மனிதர் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டார். ரெட் டாட்டை ஆன் செய்து, முன் சைட்டின் கம்பியைத் திருகி, அதன் முனையில் சிவப்புப் புள்ளி உட்கார்வதைக் காட்டினார். “பார்த்தீங்களா, ரெண்டும் ஒண்ணா நிக்குது. ஜீரோ ஆயிடுச்சு.” நானும் தலையாட்டினேன். ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜீரோ எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டும் ஒரே வரிசையில் தெரிவதற்கு கோ-விட்னஸ் என்று பெயர். புள்ளி ஏற்கெனவே ஜீரோ ஆகியிருந்தால் அதை வைத்து ஐயன் சைட்டைத் தோராயமாக நிறுத்தலாம். குண்டு குறி அட்டையில் எங்கேயாவது விழும், அவ்வளவுதான். மிச்சத்தைச் சுட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

நாலு மாதம் கழித்து, சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் ரெட் டாட் செத்துக் கிடந்தது. போன தடவை ஆஃப் பண்ண மறந்தது என் தப்பு. சரி, பேக்கப்தான் இருக்கே என்று மடக்கியதை நிமிர்த்தினேன். 50 கெஜம். முதல் ஐந்து குண்டும் நாலு அங்குலம் இடப்பக்கம், கீழே. அதையாவது திருகிச் சரிசெய்யலாம். இரண்டாவது மேகசின் (குண்டுப் பெட்டி) முடியும்போது குண்டுகள் இன்னும் இடப்பக்கம் நகர ஆரம்பித்தன. மூன்றாவதில் அட்டையின் ஓரத்துக்கே போய்விட்டன. லேசாகப் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வேறு.

ரேஞ்ச் ஆபீசர் வயசானவர். சுடுவதை நிறுத்தச் சொல்லி, ரைபிளைக் காலி பண்ண வைத்து, முன் சைட்டை ஒரு விரலால் தொட்டார். ஆடுற பல் மாதிரி ஆடியது. “கேஸ் பிளாக்ல யாருய்யா பிளாஸ்டிக்கை மாட்டினது?” என்கிற தோரணையில் என்னைப் பார்த்தார்.

பேரல் என்கிற குழலிலிருந்து சூடான வாயு வெளியே வருகிற இடம்தான் கேஸ் பிளாக். நாலு மேகசின் வேகமாக ஓடினால் கை வைக்க முடியாது. அங்கே உலோக சைட்டுதான் நிற்கும். பிளாஸ்டிக் சைட் செய்கிறவர்களே கேஸ் பிளாக்கில் மாட்டாதே என்றுதான் சொல்கிறார்கள். என் ரைபிளில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 14 அங்குலம். முன்னது 1 மில்லிமீட்டர் வலப்பக்கம் சாய்ந்தால் போதும், 50 கெஜத்தில் குண்டு 5 அங்குலம் இடப்பக்கம் போய்விடும்.

வீட்டுக்கு வந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். சைட்டை மாட்டுகிற பிகாட்டினி ரெயிலின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம். அதில் உட்கார வேண்டிய, இந்த சைட்டின் குறுக்குக் கம்பி 4.1. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னும் ஓட இடம் விட்டிருக்கிறார்கள். முன் சைட்டின் கம்பியில் காந்தம் ஒட்டவில்லை. எஃகு மாதிரியே தெரியவில்லை அது. கம்பெனிக்குப் படம் எடுத்து மெயில் போட்டேன். எங்கள் சரக்கு இல்லை, ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கிக்காகச் செய்த நகல் என்று பதில் வந்தது. பிளாஸ்டிக் உருண்டை சுடுகிற பொம்மைக்குச் செய்ததை ரைபிளில் மாட்டி, அதற்கு 40 டாலர் கூலியும் கொடுத்திருக்கிறேன்.

விற்றவருக்கு போன் போட்டேன். “ரொக்கமாத்தானே வாங்கினீங்க, பில் இருக்கா?” பில் என்பது ஒரு துண்டுச் சீட்டு, அதில் ‘சைட் – 1 ஜோடி’ என்று மட்டும் கிறுக்கியிருந்தது. கார்டில் கொடுத்திருந்தால் பேங்கிடமாவது முறையிட்டிருக்கலாம்.

இப்போது எஃகு சைட் போட்டிருக்கிறேன். அதிலும் ஒரு சங்கதி உண்டு. கேஸ் பிளாக் ரெயில் பெரும்பாலும், பின் சைட் உட்காரும் ரிசீவர் ரெயிலைவிடத் தாழ்ந்திருக்கும், அதனால் அதற்கென்றே உயரம் கூட்டிய முன் சைட் கேட்டு வாங்க வேண்டும். ஹேண்ட்கார்டில் (பேரலைச் சுற்றிக் கை பிடிக்கிற உறை) மாட்டலாமே என்பீர்கள். என்னுடையது இரண்டு பாதியாகக் கவ்வுகிற ரகம், கையால் அழுத்தினாலே அசையும். பேரலைத் தொடாத ஃப்ரீ ஃப்ளோட் ஹேண்ட்கார்டு என்றால் தாராளமாக மாட்டலாம், பிளாஸ்டிக்கும் தாங்கும். ரெட் டாட் இல்லாமல் 1-6 ஸ்கோப் (ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது) வைத்திருக்கிறவர்கள் மடக்கு சைட் வாங்கவே வேண்டாம். ஸ்கோப்பைக் கழற்றினால்தான் அது உதவும். பக்கவாட்டில் 45 டிகிரியில் நிற்கிற ரகம் இருக்கிறது, அதைக் கேளுங்கள். ஸ்கோப் வைத்திருக்கிற என் நண்பருக்கும் இதே மேஜையில் மடக்கு சைட்டைத்தான் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

குப்பையில் போடுவதாக இருந்தால் உடைத்துப் போடுங்கள், வேறு யாராவது எடுத்து விற்றுவிடுவார்கள் என்று கம்பெனி மெயிலில் எழுதியிருந்தார்கள். கராஜ் தரையில் வைத்து சுத்தியலால் தட்டினேன். ஒரே அடி, மூணு துண்டு.