சிசிஎன்ஏ "பாஸ் கேரண்டி, வவுச்சரோட சேர்த்து" கோர்ஸ்: பணம் கட்டறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியோட நெட்வொர்க்கிங் சர்டிஃபிகேஷன் பரீட்சை) எழுதலாம்னு இருக்கறவங்க, அதுலயும் "100% பாஸ் கேரண்டி, எக்ஸாம் வவுச்சரும் (பரீட்சை ஃபீஸுக்கு பதிலா போடற கோட்) எங்க பொறுப்பு"ன்னு ஒரு விளம்பரத்தப் பாத்துட்டு கட்டலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்க இத முழுசா படிங்க. ஆன்லைன் கோச்சிங் ஒண்ணுல பணம் கட்டி நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அவங்க பேரப் போடல, போட்டும் பிரயோஜனம் இல்ல, நான் சேர்ந்தப்ப இருந்த பேர் இப்ப இல்ல, லோகோ கூட மாறிடுச்சு. ஆனா ஏமாத்தற விதம் மட்டும் அப்படியேதான் இருக்கு, அதனால அதச் சொல்றேன்.

முதல்ல சிலபஸ். இப்ப நடக்கற சிசிஎன்ஏ பரீட்சையோட நம்பர் 200-301, இது 2020 பிப்ரவரி 24ல வந்தது. அதுக்கு முன்னாடி ஐசிஎன்டி 1, ஐசிஎன்டி 2ன்னு ரெண்டாப் பிரிச்சு எழுதற வழி ஒண்ணு இருந்துச்சு, அன்னியோட அது மூடியாச்சு. அப்புறம் 2024 ஆகஸ்ட்ல நம்பர மாத்தாம 1.1னு ஒரு திருத்தம் வந்துச்சு. இவங்க விளம்பரத்துல "லேட்டஸ்ட் 200-301"னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, ஆனா கிளாஸ்ல ஓட்டினதெல்லாம் ஐசிஎன்டி காலத்து ஸ்லைடு, முதல் பக்கத்துல நம்பர மட்டும் மாத்தியிருக்காங்க. ரிப், இஐஜிஆர்பி கான்ஃபிகரேஷன், விடிபின்னு பழைய டாபிக்கா வாரக்கணக்குல ஓட்டினாங்க, இப்ப பரீட்சைக்கு நீங்க கான்ஃபிகர் பண்ணத் தெரிஞ்சிருக்க வேண்டிய டைனமிக் ரவுட்டிங் (ரவுட்டர்கள் தானா ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கறது)னா அது சிங்கிள் ஏரியா ஓஎஸ்பிஎஃப் வெர்ஷன் 2 மட்டும்தான். ஃப்ரேம் ரிலேங்கற பழைய டெக்னாலஜிய வேற ரொம்ப ஆர்வமா நடத்தினார் அந்த சார், அதையெல்லாம் 200-301 வர்றதுக்கு முன்னாடியே சிலபஸ்லருந்து தூக்கிட்டாங்க. சரி ஆட்டோமேஷன் எப்ப சார்னு கேட்டா "அதெல்லாம் வெறும் தியரி, நீங்களே படிச்சுக்கலாம்"னு முடிச்சிட்டார். அந்த "வெறும் தியரி"க்கு பரீட்சையில 10% இருக்கு. ரெஸ்ட் ஏபிஐ, ஜேசன், கன்ட்ரோலர் வச்சு ஓடற நெட்வொர்க், 1.1ல சேர்த்த டெர்ராஃபார்ம், ஏஐ பத்தின பகுதி எல்லாம் அதுக்குள்ளதான் வருது.

இதக் கண்டுபிடிக்க பெரிய அறிவெல்லாம் வேணாம். சிஸ்கோ சைட்லயே எக்ஸாம் டாபிக்ஸ்னு ஒரு பிடிஎஃப் சும்மா கிடைக்கும், எதுக்கு எவ்வளவு வெயிட்டேஜ்னு அதுலயே போட்டிருக்கும், ஐபி கனெக்டிவிட்டி 25%, ஃபண்டமென்டல்ஸும் நெட்வொர்க் ஆக்சஸும் ஆளுக்கு 20%, செக்யூரிட்டி 15%, ஐபி சர்வீசஸ் 10% இப்படி. எந்த கோர்ஸா இருந்தாலும் அவங்க குடுக்கற பாடத் திட்டத்தயும் இதயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பத்து நிமிஷத்துல குட்டு வெளிய வந்துடும். இதே இடத்துல காம்ப்டியா நெட்வொர்க் பிளஸ்னு இன்னொரு சர்டிஃபிகேஷனுக்கு பேட்ச் ஒண்ணும் ஓடிச்சு, அங்க என்10-008 நடத்திட்டு இருந்தாங்க, அது 2024 டிசம்பரோட முடிஞ்சுபோன வெர்ஷன், இப்ப இருக்கறது 009. எழுதவே முடியாத பரீட்சைக்கு கோர்ஸ் நடத்தறதுக்கு ஒரு தைரியம் வேணும் இல்ல.

லேப் கதை தனி. "24 மணி நேரமும் நிஜ ராக் (ரவுட்டர், ஸ்விட்ச் அடுக்கின ஸ்டாண்ட்) ஆக்சஸ்"னாங்க. உள்ள போனா ஒரே ராக், எல்லா பேட்ச்சுக்கும் ஒரே லாகின், யாரோ போட்ட விலான் (ஸ்விட்சப் பிரிச்சு வைக்கற தனித்தனி நெட்வொர்க்) எல்லாம் அப்படியே கிடக்கும், எனேபிள் பாஸ்வேர்ட யாராவது மாத்தி வச்சிருப்பாங்க, ரீசெட் பண்ணுங்கன்னு மெசேஜ் போட்டா ரெண்டு நாள் கழிச்சு ஒரு கட்டைவிரல் எமோஜி வரும். கடைசியில எல்லாரும் பேக்கெட் ட்ரேசருக்கு (கம்ப்யூட்டர்லயே நெட்வொர்க் போட்டுப் பாக்கற சிஸ்கோ சாஃப்ட்வேர்) மாறிட்டோம், அதுக்கும் "லேப் சாஃப்ட்வேர் சார்ஜ்"னு தனியா வாங்கியிருந்தாங்க. பேக்கெட் ட்ரேசர் இலவசம்ங்க, சிஸ்கோவோட நெட்வொர்க்கிங் அகாடமியில ஒரு அக்கவுன்ட் ஆரம்பிச்சா டவுன்லோட் பண்ணிக்கலாம்.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம், அடுத்ததுதான் விஷம். கோர்ஸ் பாதி போனதும் "இனிமே கிளாஸ் கம்மி, இந்த பிடிஎஃப மனப்பாடம் பண்ணுங்க, இதுலருந்துதான் அப்படியே வரும்"னு டம்ப்ஸ் (பரீட்சையில வந்த கேள்வி-விடைன்னு சொல்லிச் சுத்தற தொகுப்பு) ஒண்ண குரூப்ல இறக்கினாங்க. நிஜமா பரீட்சையிலருந்து திருடின கேள்வின்னா அதத் தொடறதே சிஸ்கோ ரூல்படி தப்பு, எழுத உக்காரும்போதே கான்ஃபிடென்ஷியாலிட்டி அக்ரிமென்ட்டுக்கு ஓகே குடுத்துட்டுதான் உள்ள போறோம், மாட்டினா ரிசல்ட்ட செல்லாதுன்னு சொல்லி மேற்கொண்டு எழுத விடாம தடையும் போடுவாங்க. அது ஒருபக்கம் இருக்கட்டும், அந்த பிடிஎஃப்ல இருந்த விடையே தப்பு. ஒண்ணு சொல்றேன் பாருங்க. ரவுட்டிங் டேபிள்ல 10.1.1.0/24 ஓஎஸ்பிஎஃப் மூலமா வந்திருக்கு, 10.1.0.0/16 ஸ்டாட்டிக்கா, அதாவது கையால போட்டிருக்கு, 10.1.1.5க்கு ஒரு பேக்கெட் வருது, எந்த வழியாப் போகும்? ஸ்டாட்டிக் வழியாம், ஏன்னா அதோட அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (தகவல் வந்த இடத்த எவ்வளவு நம்பலாம்ங்கற நம்பர்) 1, ஓஎஸ்பிஎஃப்க்கு 110, கம்மியா இருக்கறதுதான் ஜெயிக்குமாம், விளக்கம் வேற எழுதி வச்சிருக்காங்க. சுத்தத் தப்பு. டிஸ்டன்ஸ் பாக்கறதெல்லாம் அதே நெட்வொர்க், அதே ப்ரிஃபிக்ஸ் நீளத்துக்கு (/24, /16ங்கற அந்த நம்பர்) ரெண்டு இடத்துலருந்து தகவல் வரும்போது எத டேபிள்ல ஏத்தறதுன்னு முடிவு பண்ணத்தான். டேபிள்ல ரெண்டுமே ஏறி உக்காந்த பிறகு நீளமான ப்ரிஃபிக்ஸ்தான் பேசும், /24 ஜெயிக்கும், பேக்கெட் ஓஎஸ்பிஎஃப் வழியாத்தான் போகும். இன்னொண்ணு 192.168.10.77/28க்கு பிராட்காஸ்ட் (அந்த நெட்வொர்க்கோட கடைசி அட்ரஸ்) 192.168.10.80ன்னு போட்டிருந்தாங்க. /28ன்னா பதினாறு பதினாறா ஏறும், 64ல ஆரம்பிச்சா 79தான் பிராட்காஸ்ட், 80ல அடுத்த நெட்வொர்க்கே ஆரம்பிச்சிடுது. சப்நெட்டிங்கோட முதல் பாடமே இதுதான். இத நான் குரூப்ல சுட்டிக்காட்டினதும் என்ன நடந்துச்சு தெரியுமா, குரூப்ப அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி மாத்திட்டாங்க.

மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா ஓடற பரீட்சையும் இல்ல அது. 120 நிமிஷம், அடுத்த கேள்விக்குப் போயிட்டா திரும்பி வர முடியாது, சில கேள்வியில நிஜமாவே சிஎல்ஐல கமாண்ட் அடிச்சு கான்ஃபிகர் பண்ணணும். அங்க ஏ, பி, சி, டி ஞாபகம் வச்சு என்ன பண்றது?

சரி அந்த "பாஸ் கேரண்டி"? ஃபெயில் ஆனா இலவசமா மறுபடியும் எழுத வைப்போம்னுதான் போன்ல சொன்னாங்க. பின்னாடி வந்த நிபந்தனையப் படிச்சா "மறுபடியும் கிளாஸ்ல உக்காரலாம்"னு இருக்கு, பரீட்சை ஃபீஸ் நம்மதுதான். அதுவும் அவங்களோட எல்லா மாக் டெஸ்ட்லயும் 95% எடுத்திருந்தாதான். அந்த மாக் டெஸ்ட் அதே தப்பு டம்ப்ஸ வச்சுத்தான், அதாவது சரியா விடை எழுதினா கேரண்டி போயிடும். "ஃபெயில் ஆனா மறுநாளே ஸ்லாட் போட்டுத் தர்றோம்"னு ஒரு வாக்குறுதி வேற. சிஸ்கோ பரீட்சையில ஃபெயில் ஆனா அதே பரீட்சைய மறுபடி எழுத அஞ்சு நாள் காத்திருக்கணும், எந்த கோச்சிங் சென்டரும் அத மாத்த முடியாது. பாஸ் மார்க் இவ்வளவுன்னு அடிச்சுச் சொன்னாங்க, சிஸ்கோ அத வெளியிடறதே இல்ல.

கடைசியா வவுச்சர். கோர்ஸ் ஃபீஸ்ல பெரிய பங்கு இதுக்குத்தான்னு சொல்லித்தான் அவ்வளவு வாங்கினாங்க. கோட் கைக்கு வந்து பரீட்சைய நடத்தற பியர்சன் வியூ சைட்ல போட்டுப் பாத்தா ஏத்துக்கவே இல்ல. கேட்டதுக்கு முதல்ல "சர்வர் பிரச்சினை", அப்புறம் "வேலிடிட்டி முடிஞ்சிருக்கும், நீங்கதான் லேட் பண்ணிட்டீங்க". கோட் வந்து ஒரு வாரம் கூட ஆகல! வவுச்சருக்கு கடைசித் தேதின்னு ஒண்ணு உண்டு, அதுக்குள்ள புக் பண்ணா மட்டும் போதாது, எழுதியே முடிச்சிருக்கணும், அந்தத் தேதிய குடுக்கறவங்க எழுத்துல சொல்லணும். இவங்க சொல்லவே இல்ல. கூடப் படிச்ச இன்னொருத்தர்கிட்ட "நாங்களே புக் பண்றோம், உங்க லாகினும் பாஸ்வேர்டும் ஐடி ஸ்கேனும் அனுப்புங்க"ன்னு வாங்கிட்டாங்க, அவருக்கு பேர் தப்பாப் போட்டு புக் ஆயிருந்துச்சு, ஐடியில இருக்கற பேரும் புக்கிங்ல இருக்கற பேரும் ஒத்துப்போகலன்னா உள்ளயே விட மாட்டாங்க. அவர் அடிச்சுப் பிடிச்சு கடைசி நேரத்துல சரி பண்ணினார்.

நான் வவுச்சர விடாமக் கேட்டதும் தனியா ஒரு கால் வந்துச்சு. "எதுக்கு சார் இவ்வளவு டென்ஷன், நீங்க வீட்ல கேமரா முன்னாடி சும்மா உக்காருங்க, எங்க ஆளு ரிமோட்ல எழுதிடுவாரு, கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்." அவ்வளவு சாதாரணமா சொல்றாங்க. முடியாதுன்னு வச்சிட்டேன். வேற யாராவது ஒத்துக்கிட்டு மாட்டினா தடை விழறது நம்ம பேர்ல, அந்த ரிமோட் ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, அவன் அடுத்த ஆளுக்கு எழுதப் போயிடுவான்.

அவங்க காட்டற "பாஸ் ஆனவங்க" ஸ்கோர் ரிப்போர்ட் ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாதீங்க, எங்க பேட்ச்ல காட்டினதுல ரெண்டு பேருக்கு ஒரே தேதி, எல்லா செக்ஷன்லயும் ஒரே பர்சென்டேஜ், பேர் மட்டும் வேற. நிஜமா பாஸ் ஆனவங்ககிட்ட கிரெட்லி சைட்ல செக் பண்ணிக்கற டிஜிட்டல் பேட்ஜ் லிங்க் இருக்கும், அதக் கேளுங்க.

நான் அப்புறம் பரீட்சைய நேரா பியர்சன் வியூ சைட்ல நானே காசு கட்டி புக் பண்ணி, எக்ஸாம் டாபிக்ஸ் பிடிஎஃப வரிவரியா டிக் அடிச்சு, பேக்கெட் ட்ரேசர்ல ஓஎஸ்பிஎஃப், விலான், ஏசிஎல் போட்டுப் போட்டு உடைச்சுப் பாத்து எழுதினேன், பாஸ். பணம் மட்டும் இன்னும் வரல. ரீஃபண்ட் கேட்டு டிஸ்ப்யூட் போட்டா, அவங்க குடுத்த ரசீதுல வவுச்சர்ங்கற வார்த்தையே இல்ல, மொத்தத் தொகைக்கும் "ஸ்டடி மெட்டீரியல்"னு ஒரே வரி, மெட்டீரியல் குடுத்துட்டோம்னு பதில் போட்டுட்டாங்க. கட்டறவங்க கோர்ஸுக்கு எவ்வளவு, வவுச்சருக்கு எவ்வளவுன்னு ரசீதுல தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க, தர மாட்டேன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. அந்த டம்ப்ஸ் பிடிஎஃப் வேற யாருக்காவது வந்திருந்தா 10.1.1.5 கேள்விய மட்டும் பாருங்க, விடை ஸ்டாட்டிக்னு இருந்தா அதே கும்பல்தான், கமெண்ட்ல சொல்லுங்க, டிஸ்ப்யூட்ட சேர்ந்து போடலாம்.