69 கமாரோவில் 18 இஞ்ச் வீல்: மூன்று கோடைக்குப் பிறகு

போன வாரம்தான் என் 1969 ஷெவர்லே கமாரோ காரின் வலது முன் வீலை நெளிவெடுத்துக்கொண்டு வந்தேன். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கத் தார் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்து, மார்ச் மாதம் சாலை முழுக்கக் குழி. "ஏப்ரல் முடியட்டும், அப்புறம் வண்டியை எடுங்க" என்று வீட்டில் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அன்று மாலையே நண்பர் ஒருவர் போன் செய்தார். அவரும் ஒரு 69 கமாரோ பார்த்து வைத்திருக்கிறாராம். "நீங்க போட்ட சைஸைச் சொல்லுங்க, அப்படியே ஆர்டர் போட்டுடறேன்."

அந்த 'அப்படியே'தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என் வண்டியில் முன்னால் 18×8 ரிம்மில் 245/40, பின்னால் 18×9.5 ரிம்மில் 275/35. ரிம்முக்குச் சொல்வது விட்டமும் அகலமும், இஞ்சில். டயருக்கு முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் என்பது. உள்ளே பிற்காலத்து எல்எஸ்3 வி8 இன்ஜின். வாங்கும்போது 15 இஞ்ச் ரிம்மும் வெள்ளை எழுத்து போட்ட 235/60 டயரும் இருந்தன. அழகு என்றால் அதுதான் அழகு. 1969-ல் கமாரோவின் வேக ரகமான இசட்/28-க்கே கம்பெனி கொடுத்தது 15×7 ரிம்தான். ஆனால் 430 குதிரைத்திறனை அந்த டயரால் தாங்க முடியவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி முன்னால் போவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் போகும். அப்புறம் முன் பிரேக்கை 13 இஞ்ச் டிஸ்க்காக மாற்றினேன். 15 இஞ்ச் ரிம் அதன்மேல் ஏறவே இல்லை. அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

18 போட்ட முதல் நாள் நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் திருப்பியபோது சிரித்தேவிட்டேன். 55 வயதான கார் அது, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் திரும்பியது. பிரேக் பிடித்தால் மூக்கு அலையாமல் நின்றது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை இடது பின் சக்கரத்தில். பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து, வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், மட்கார்டின் உள்மடிப்பு டயரில் 'ஸ்ர்ர்' என்று உரசும். இடது பக்கம் மட்டும். வலது பக்கம் சத்தமே கிடையாது.

தப்பு என்னுடையதுதான். ஆர்டர் கொடுக்குமுன் வலது பக்கத்தை மட்டும் அளந்தேன். இந்தக் கார்களில் பின் ஆக்ஸில் பாடிக்கு நட்டநடுவில் இருக்கும் என்று நம்பவே கூடாது. ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பது சகஜம். என் வண்டியில் இடது பக்கம் 8 மில்லிமீட்டர் இடம் குறைவு. பேக்ஸ்பேசிங் என்பது வீல் போல்ட் ஆகும் முகத்திலிருந்து ரிம்மின் உள் விளிம்பு வரை உள்ள தூரம். 5.5 இஞ்ச் பேக்ஸ்பேசிங் வலது பக்கத்துக்குக் கச்சிதம், இடது பக்கத்துக்கு உரசல். வீல் விற்ற கடையில் கேட்டேன். "எல்லா 69-லயும் உட்காருமே சார்" என்றார்கள். உட்கார்ந்தது, நான்தான் நிம்மதியாக உட்காரவில்லை.

பெயின்ட்டைச் சூடாக்கி அந்த மடிப்பை உள்ளே சுருட்டியும் பார்த்தாயிற்று. தனியாக ஓட்டும்போது சரி. ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் குரூஸில் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, நடந்து போகிறவர் வேகத்தில் ஊர்ந்தபோது மறுபடி 'ஸ்ர்ர்'. நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டினார். 265 போட்டால் தீர்ந்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் 275 என்று சொல்லிக்கொள்ளும் ஆசை ஒன்று இருக்கிறதே.

நண்பருக்குச் சொன்னது இதுதான். 17 போடுங்கள். முன்னால் 245/45, பின்னால் 275/40. டயரின் மொத்த உயரம் என்னுடையதேதான், கிட்டத்தட்ட 25.7 இஞ்ச். ஆனால் பக்கச்சுவரில் 12 முதல் 14 மில்லிமீட்டர் ரப்பர் கூடுதல். அது இருந்திருந்தால் என் ரிம் நெளிந்திருக்காது. 13 இஞ்ச் டிஸ்க்கும் பெரும்பாலும் உள்ளே அடங்கிவிடும். பின்னால் அளக்கும்போது வண்டி தன் எடையில் தரையில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ரிம் 9.5 என்றால் அது டயர் பொருந்தும் இடத்தின் அகலம். விளிம்புக்கு விளிம்பு 10.5 வரும். அதை மறந்துவிட்டுத்தான் நானும் முதலில் கணக்குப் போட்டேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று பிஎம்டபிள்யூ வீலைத் தொடாதீர்கள். அதன் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 120 மில்லிமீட்டர், கமாரோவுடையது 120.65. ஏறுவது போலத்தான் இருக்கும், நட்டு சரியாக உட்காராது.

"அப்போ நீங்களும் 17-க்கு மாறிடுவீங்களா?" என்று கேட்டார்.

பின் டயர் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. முந்தாநாள் புது ஜோடி ஆர்டர் போட்டாயிற்று. 275/35, 18.